விற்பவனைக் கேட்ட மேயர்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் நீல் டௌ என்ற அமெரிக்க மேயரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். 1851இல், மேய்ன் என்ற வடகிழக்கு மாநிலத்தில், மது விற்பனைக்கு மாநிலம் முழுவதும் தடை போட்டவர் என்பதுதான் அதன் சாரம். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழ் முழுக்க டௌவும் மதுவிலக்கும்தான். மற்ற கேள்விகள் அனுப்பிய வாசகர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவில் மதுவிலக்கு 1920இல்தான் வந்தது என்று என் மகள் பேச்சுப் போட்டிக்கு எழுதி வைத்திருக்கிறாள். நீங்கள் 1851 என்கிறீர்களே? – பெரம்பூர் வாசகி

இரண்டும் சரி. 1920இல் வந்தது நாடு முழுவதற்குமான தடை. அதற்கு எழுபது வருடம் முந்தியே மேய்ன் மாநிலம் தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டது. அந்த மசோதாவை எழுதி, கையோடு தலைநகருக்கு எடுத்துப் போய், நிறைவேறும்வரை விடாமல் நின்றவர் போர்ட்லண்ட் நகர மேயர் நீல் டௌ. 1851 ஜூன் 2ஆம் தேதி ஆளுநர் ஜான் ஹப்பர்ட் கையெழுத்துப் போட்டார். அடுத்த நாலைந்து வருடத்தில் ஒரு டஜன் மாநிலங்கள் இதே மாதிரி சட்டம் கொண்டு வந்தன. எல்லோரும் அதை 'மேய்ன் சட்டம்' என்றே சொன்னார்கள்.

மகள் பேசும்போது போர்ட்லண்ட் எப்படிப்பட்ட ஊர் என்று சொல்லட்டும், அப்போதுதான் சபைக்கு விஷயம் புரியும். அது துறைமுக ஊர். இங்கிருந்து மரம் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகும். அங்கே அடிமைகள் விளைவித்த கரும்பின் பாகு பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்கும். அந்தப் பாகைப் புளிக்க வைத்து ரம் வடிப்பார்கள். டௌ சின்னப் பையனாக இருந்த காலத்தில் காலை பதினோரு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் ஊர் மணி அடிக்குமாம். நம் ஊரில் வேலையை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிற மாதிரி, அங்கே அந்த நேரத்துக்கு ரம். 1830 வாக்கில் அமெரிக்காவில் வயது வந்த ஒரு ஆள் வருடத்துக்குச் சராசரியாக ஏழு கேலன், அதாவது ஏறத்தாழ 26 லிட்டர் சுத்த ஆல்கஹால் உள்ளே தள்ளியதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

டௌ 1804இல் பிறந்தவர். குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பம், அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழில். பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் பழைய தோல் ஷாப்புகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரியும். அப்பாவின் தொழிலைப் பார்த்துக்கொண்டு நல்ல வசதியாக இருந்தவர் ஏன் இதில் இறங்கினார்? அவரே ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறார். தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருவர் வந்து அழுதார். கணவர் குடிக்கிறார், வேலை போகப்போகிறது, அந்தக் கடைக்காரரிடம் கொஞ்சம் சொல்லுங்களேன் என்றார். டௌ கடைக்குப் போய், இந்த ஆளுக்கு மட்டும் ஊற்றாதீர்கள் என்று பணிவாகத்தான் கேட்டார். கடைக்காரர் மறுத்துவிட்டார். விற்பது என் தொழில், லைசென்ஸ் இருக்கிறது, காசு கொடுக்கிறவனுக்கு விற்பேன் என்றார்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எண்பதுகளில், சாராயக் கடைகளை ஏலம் விட்ட காலத்தில், ஓட்டேரியில் இருந்த என் சித்தி இதே மாதிரி ஒரு கடை வாசலில் போய் நின்றார். கடன் கொடுக்காதீங்க ஐயா, அது போதும் என்றுதான் கேட்டார். 'ஏலத்துல எடுத்த கடைம்மா, சும்மாவா நடத்துறேன்?' என்று பதில் வந்தது. சித்தப்பா நாற்பது வயதைத் தாண்டவில்லை. சித்தி வீட்டு வாசலில் அடுப்பு போட்டு இட்லி சுட்டு மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார்.

டௌ எழுதிய சட்டத்தில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான்: அது விற்பவனைத்தான் பிடித்தது, குடித்தவனைக் குறி வைக்கவில்லை. முதல் தடவை மாட்டினால் பத்து டாலர் அபராதம், அடுத்தது இருபது, மூன்றாவது தடவை இருபது டாலரோடு மூன்று முதல் ஆறு மாதம் சிறை. ஊர் வாக்காளர்கள் மூன்று பேர் சேர்ந்து சத்தியம் செய்து புகார் கொடுத்தால் போதும், நீதிபதி சோதனைக்கு உத்தரவு போடுவார். சரக்கு கிடைத்தால் பீப்பாயோடு கொட்டிவிடலாம். விற்கிற இடத்தை மூடாமல் குடிக்கிறவனுக்குப் புத்தி சொல்வது வீண் என்று டௌ நம்பினார். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

கேள்வி: மதுவிலக்கு கொண்டு வந்த அந்த மேயரே சாராயம் வாங்கிப் பதுக்கி வைத்து, அதனால் கலவரம் வந்து ஒருவர் செத்தார் என்று என் நண்பர் சொல்கிறார். நிஜமா? – வண்ணாரப்பேட்டை வாசகர்

பதுக்கல் என்பது அவரது எதிரிகள் வைத்த பெயர். ஆனால் கலவரமும் சாவும் நடந்தவை.

சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. மருந்துக்கும் தொழிலுக்கும் ஆல்கஹால் தேவைப்படும் அல்லவா? அதை நகராட்சி நியமிக்கும் ஏஜென்ட் மட்டும் வாங்கி விற்கலாம். 1855இல் டௌ நூலிழையில் ஜெயித்து மறுபடி மேயரானார். ஏஜென்ட் நியமனம் முறைப்படி முடிவதற்குள் சுமார் 1,600 டாலருக்கு மது வரவழைத்து, நகர மண்டபத்துக் கீழ்த்தளத்தில் இறக்கி வைத்துவிட்டார். பில் அவர் பெயரிலேயே இருந்தது. எதிராளிகள் விடுவார்களா? அவர் எழுதிய சட்டத்தையே எடுத்தார்கள். வாக்காளர்கள் மூன்று பேர் போய் நீதிபதி முன்னால் சத்தியம் செய்தார்கள், சோதனை உத்தரவும் கிடைத்தது.

அன்று ஜூன் 2. சட்டம் கையெழுத்தாகிச் சரியாக நாலு வருடம். மதியத்துக்கு மேல் மண்டபத்து முன்னால் ஓர் இருநூறு பேர் கூடினார்கள். சரக்கை ஏன் இன்னும் கொட்டவில்லை என்பதுதான் அவர்கள் கேள்வி. சாயங்காலம் கூட்டம் ஆயிரத்தைத் தாண்டியது. கல் பறந்தது, கதவு உடைந்தது. போலீசால் சமாளிக்க முடியவில்லை. டௌ ஆயுதப் படையைக் கூப்பிட்டார். கலைந்து போகச் சொல்லியும் கூட்டம் நகரவில்லை, சுட உத்தரவிட்டார். ஜான் ராபின்ஸ் என்ற 22 வயது மாலுமி செத்தார், ஏழு பேருக்குக் காயம்.

அப்புறம் டௌ மீதே வழக்கு. அரசுத் தரப்பில் வாதாடியவர் நேதன் கிளிஃபோர்ட், பின்னால் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவர். டௌ தரப்பில் வில்லியம் பிட் ஃபெசண்டன், இவர் பின்னால் லிங்கனின் நிதியமைச்சர். டௌ குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் ஊர் மன்னிக்கவில்லை. அடுத்த வருடமே, 1856இல், மேய்ன் சட்டத்தையே ரத்து செய்தார்கள். 1858இல்தான் வேறு வடிவில் திரும்பி வந்தது.

டௌவை நேசிக்கிற நான் இந்த இடத்தில் அவரை விட்டுக்கொடுத்துத்தான் பேச வேண்டும். பில்லில் யார் பெயர் என்பது சின்ன விஷயம் இல்லை. மூன்று பேர் புகார் கொடுத்தால் கதவைத் திறந்து காட்டு என்று ஊருக்கெல்லாம் சட்டம் போட்டவர், தன் கதவைத் தட்டும்போது துப்பாக்கியைக் கூப்பிட்டிருக்கக் கூடாது. அந்தச் சரக்கை அன்று மதியமே நீதிபதியின் பொறுப்பில் விட்டிருந்தால் அந்த மாலுமி செத்திருக்க மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. போர்ட்லண்டில் அப்போது அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த ஏழைகள் நிறைய. மது எதிர்ப்பாளர்களில் பலருக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. இந்தச் சட்டம் நம் குடிசைக்குள் நுழையத்தான் வந்தது என்று அந்த மக்கள் நினைத்தார்கள். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. பங்களாவில் குடிப்பவனை விட்டுவிட்டுக் குடிசையில் குடிப்பவனைத் தேடுகிற சட்டம் எந்த ஊரிலும் நிற்காது. வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் பழைய மதுவிலக்கு நாட்களைப் பார்த்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், வசதியுள்ளவர்கள் பெர்மிட் வைத்திருந்த காலத்தில் யார் வீட்டுப் பானை உடைந்தது என்று சொல்வார்கள்.

கேள்வி: குவேக்கர்கள் ஆயுதம் தொட மாட்டார்கள் என்று படித்திருக்கிறேன். டௌ எப்படி ராணுவ ஜெனரல் ஆனார்? – மடிப்பாக்கம் வாசகர்

ஆயுதம் எடுப்பது சரியென்று பேசியதற்காகவே அவரைக் குவேக்கர் சபையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அடிமை முறையையும் ரம்மையும் ஒரே பாவத்தின் இரண்டு கைகளாகப் பார்த்தவர் அவர். அடிமை முறையை வைத்து வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போர் வந்ததும், வடக்கின் பக்கம் நின்று, 57 வயதில் 13ஆம் மேய்ன் படைப்பிரிவைத் திரட்டிக்கொண்டு கர்னலாகப் போனார். 1862இல் பிரிகேடியர் ஜெனரல். 1863 மே மாதம் லூசியானாவில் போர்ட் ஹட்சன் தாக்குதலில் காயம் பட்டு, பக்கத்தில் ஒரு வீட்டில் தேறிக்கொண்டிருந்தபோது எதிரிக் குதிரைப்படை வந்து பிடித்துக்கொண்டு போனது. ரிச்மண்ட் நகரின் லிபி சிறையில் அடைத்தார்கள். 1864 தொடக்கத்தில் கைதிப் பரிமாற்றத்தில் வெளியே வந்தார். அவருக்குப் பதிலாக வடக்கு விடுவித்தது யாரை தெரியுமா? தெற்குப் படைத் தளபதி ராபர்ட் லீயின் மகனை. அறுபது வயதை நெருங்கிய ஒரு மது எதிர்ப்பாளருக்கு எதிரியிடம் அவ்வளவு விலை இருந்தது.

கேள்வி: அவர் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் நின்றாரா? – கொரட்டூர் வாசகர்

நின்றார். 1880, மதுவிலக்குக் கட்சி வேட்பாளர். நாடு முழுவதிலும் பத்தாயிரத்துச் சொச்சம் ஓட்டுதான். ஆனால் அந்தத் தேர்தலில் ஜெயித்த கார்ஃபீல்டுக்கும் தோற்ற ஹான்காக்குக்கும் மொத்த ஓட்டு வித்தியாசமே பத்தாயிரத்துக்குள்தான்! 1897இல், 93 வயதில் போர்ட்லண்டிலேயே காலமானார். காங்கிரஸ் தெருவில் அவர் வீடு இன்னும் இருக்கிறது.

கேள்வி: ராஜாஜி மதுவிலக்குக் கொண்டு வந்ததற்கு டௌதான் முன்மாதிரியா? – தாம்பரம் வாசகி

அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, சொல்லவும் வேண்டியதில்லை. நம் மண்ணில் அதற்குச் சொந்த வேர் உண்டு. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாவும் தெருவில் இறங்கினார்கள். கள் இறக்கக் கூடாது என்று பெரியார் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். ராஜாஜி திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்று பத்திரிகை நடத்தினார். கடவுள் விஷயத்தில் எதிரெதிர் துருவம், கள்ளுக்கடை விஷயத்தில் ஒரே பக்கம்.

1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அடுத்த வருடம் சித்தூர், கடப்பை, அதற்கடுத்து வட ஆற்காடு என்று மாவட்டம் மாவட்டமாகப் போனார். இதில் டௌவிடம் இல்லாத ஒரு நிதானம் ராஜாஜியிடம் இருந்தது. கஜானாவில் ஓட்டை விழும் என்று அவருக்குத் தெரியும். அதை அடைக்க 1939இல் விற்பனை வரி கொண்டு வந்தார். வணிகர்கள் எதிர்த்தார்கள், அவர் அசையவில்லை. இன்று நாம் பில்லில் பார்க்கிற வரிக்கு முன்னோடி அதுதான். வருமானத்துக்கு வழி செய்தபடியே கடையை மூடியவர் அவர். 1948 அக்டோபர் 2ஆம் தேதி, ஓமந்தூரார் ஆட்சியில், சென்னை மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு வந்தது.

1971 ஆகஸ்ட் 30ஆம் தேதி அது தள்ளி வைக்கப்பட்டது. அதற்கு முன் 92 வயது ராஜாஜி, முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். 1973, 74இல் கள்ளுக்கடையும் சாராயக் கடையும் மூடப்பட்டு, 1981இல் மறுபடி திறந்தன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம். 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் அரசாங்கத்தின் கையில். இதெல்லாம் இன்று எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கிறது? ராஜாஜி கொண்டு வந்த 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான். அந்தச் சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை.

கேள்வி: மதுவிலக்கு உலகத்தில் எங்கேயும் ஜெயித்ததில்லை. கடையை மூடினால் கள்ளச்சாராயம்தான் ஓடும். அரசாங்கமே நல்ல சரக்காக விற்பதுதானே மேல்? – அயனாவரம் வாசகர்

உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அமெரிக்கா 1933 டிசம்பரில் தன் மதுவிலக்கைக் கைவிட்டது, காரணம் கள்ளக் கடத்தலும் ரவுடி ராஜ்ஜியமும். மேய்ன் மாநிலமும் 1934இல் விட்டுவிட்டது. ஆனால் அந்தத் தடைக் காலத்தில் கல்லீரல் சுருங்கிச் சாகிறவர்கள் எண்ணிக்கை அமெரிக்காவில் நன்றாகக் குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கள்ளச்சாராயம் பற்றி: 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்களே, அப்போது மதுவிலக்கா இருந்தது? டாஸ்மாக் கடை திறந்துதான் இருந்தது. கடை விலை கட்டுப்படியாகாத கூலிக்காரன் பாக்கெட் சாராயத்துக்குப் போனான். ஆக, அரசுக் கடை இருந்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்ற வாதம் அந்தத் தெருவிலேயே செத்துவிட்டது.

உங்கள் பகுதிக் கடையைப் பகல் பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் போய்ப் பாருங்கள். ஷட்டர் இன்னும் தூக்கவில்லை. கம்பித் தடுப்புக்குள் முப்பது, நாற்பது பேர். யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஒருவர் கை நடுங்குகிறது, காசை எண்ண முடியாமல் அப்படியே முன்னால் இருப்பவரிடம் நீட்டுகிறார். காக்கிச் சட்டை ஆட்டோ ஓட்டுநர் வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நிற்கிறார். பக்கத்துப் பெட்டிக்கடையில் பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும் ஜோடி ஜோடியாக அடுக்கித் தயாராக இருக்கின்றன. இவர்கள் கொடுக்கிற காசையும் சேர்த்துத்தான் மது வருமானம் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது.

நாளைக் காலை எல்லாக் கடைக்கும் பூட்டுப் போடச் சொல்லவில்லை நான். கை நடுங்குகிற அந்த மனிதருக்குச் சிகிச்சைப் படுக்கை தயாராக இல்லாமல் பூட்டினால் அவர் செத்துப்போவார். கடைகளைப் படிப்படியாகக் குறையுங்கள், மூடுகிற கடைக்கு ஈடாக அந்த வட்டாரத்து அரசு மருத்துவமனையில் மறுவாழ்வுப் படுக்கை போடுங்கள், இந்த வருமானத்துக்கு மாற்று எது என்று பட்ஜெட்டில் வருடா வருடம் எழுதிக் காட்டுங்கள் என்கிறேன். 'லைசென்ஸ் இருக்கிறது, விற்பேன்' என்ற பதிலைக் கேட்டு டௌ கோபப்பட்டார். இன்று அந்தப் பதிலை நமக்குச் சொல்வது நாம் ஓட்டுப் போட்டு அமைத்த அரசாங்கம். அதனால்தான் நான் குடிப்பவரைத் திட்டி ஒரு வரிகூட எழுதுவதில்லை.

கேள்வி: என் கணவர் தினமும் குடிக்கிறார். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்று ஒரு பொடி விற்கிறார்கள். வாங்கலாமா? – பெயர், ஊர் வேண்டாம் என்ற வாசகி

வாங்காதீர்கள் அம்மா. அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடியை நிறுத்தக் கொடுக்கும் சில மாத்திரைகள் உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் மருத்துவர்கள் நோயாளிக்குச் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் கொடுப்பார்கள்.

திடீரென்று ஒரே நாளில் நிறுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம். கை நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் தெரிந்தால் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை இருக்கிறது. அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது, குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கியது. குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒன்றுகூடிப் பேசுகிற 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்கள் சென்னையில் பல இடங்களில் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. வீட்டிலிருந்து பேச 14446 என்ற இலவச எண் உண்டு. கணவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் முதலில் போய்ப் பேசலாம். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே 'அல்-அனான்' என்று தனிக் கூட்டமும் இருக்கிறது.